கம்பளி வந்த பைகள்

எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிய அன்று நாங்கள் எல்லோரும் அட்டைப்பெட்டிக்குள் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர் மட்டும் அதைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு ஆசிரியர் பிளேடை எடுத்ததும், "சார், சார், இருங்க சார், கீறிப்புடாதீங்க" என்று ஓடிவந்து தடுத்தார். அப்புறம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நகத்தால் டேப்பை உரித்து உரித்து, உறையில் ஒரு கீறல் விழாமல் கழற்றினார். ஒரு பெட்டிக்குப் பத்து நிமிடம் ஆனது. மொத்தம் பத்துப் பெட்டிகள். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. அவர் மேல் எனக்கு முதல் எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பள்ளியிலும் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பிள்ளைகளுக்கு அவர் கம்ப்யூட்டர் மிஸ். மற்றவர்களைத் தமிழ் டீச்சர், கணக்கு டீச்சர் என்போம். வெறும் டீச்சர் என்றால் அவர்தான். வாரத்தில் மூன்று அரைநாள் வந்தால் போதும் என்று போடப்பட்ட பகுதிநேர ஆசிரியர் அவர். ஆனால் ஐந்து நாளும் முழுநாள் வந்தார். கேட்டால், "வீட்ல இருந்து என்னத்தச் செய்ய சார், இங்கன இதுக தனியாக் கெடக்குதுல்ல" என்பார். இதுக என்றது கம்ப்யூட்டர்களை.

நான் அறிவியல் ஆசிரியர். சொந்த ஊர் நயினார்கோவில் பக்கம். தொண்டியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் இருபது நிமிடம் தெற்கே வந்து இறங்குவேன். பள்ளி கடலை ஒட்டி இருந்தது. எட்டாம் வகுப்பு ஜன்னலில் நின்றால் கரையில் ஏற்றிப்போட்ட வள்ளங்கள் தெரியும். பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கடலில் அப்பா, மீதிப் பேருக்கு வளைகுடாவில் அத்தா. என் வகுப்புக்கும் கம்ப்யூட்டர் லேபுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். நான் நடத்துவது அவருக்குக் கேட்கும், அவர் அதட்டுவது எனக்குக் கேட்கும்.

டீச்சருக்கு எதையும் மூடி வைக்க வேண்டும். அவருடைய செல்போன் ஜிப் வைத்த கண்ணாடிப் பைக்குள் இருக்கும். பைக்கு மேலேயே விரலால் தேய்த்துப் பேசுவார். வருகைப் பதிவேட்டுக்குப் பழுப்பு அட்டை, அதன் மேல் பிளாஸ்டிக் அட்டை. சாக்பீஸ் டப்பாவுக்கு ஓர் உறை. குடைக்கு உறை, அந்த உறையைப் போட்டு வைக்க ஒரு பை. "டீச்சர் வர்ற வழியில மழை பேஞ்சா டீச்சர் நனைஞ்சிரும், குடை நனையாது" என்று எங்கள் எச்.எம். ஒருநாள் சொன்னார். டீச்சரும் கூடவே சிரித்தார். சிரித்துவிட்டு, "மூடுனது கெடாது சார்" என்றார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அதைச் சொல்லிவிடுவார்.

நோன்புப் பெருநாளுக்கு ஆசிரியர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவர் கணவர் சவூதியில் வேலை பார்த்தார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் டீச்சரும் மாமியாரும்தான். சோபா கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக்கோடு அப்படியே இருந்தது. நாங்கள் உட்கார்ந்ததும் சரக் சரக் என்று சத்தம். டிவி ரிமோட் பிளாஸ்டிக்குக்குள், சுவர்க் கடிகாரம் பிளாஸ்டிக்குக்குள், பிரிட்ஜ் கைப்பிடிக்குப் பூப்போட்ட துணியில் ஒரு சட்டை. பிரியாணி பரிமாறிய மாமியார் என்னிடம், "தம்பி, பயப்படாம ஊத்திச் சாப்புடுங்க, சிந்துனாலும் கவருதான் கெடும்" என்றார். அந்த ஊரில் முக்கால்வாசி வீடு அப்படித்தான் இருந்தது. கடல் தாண்டி, சம்பாதித்தவரைப் பிரிந்து வந்து சேர்ந்த பொருள்கள். அவர் திரும்பி வரும்வரை புதிதாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள் போல.

அன்று நான் கிண்டலாக ஏதோ கேட்கப்போக, டீச்சர் ஒரு கதை சொன்னார். அவர் நாலாம் வகுப்பு படிக்கும்போது அவருடைய அத்தா சவூதியிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தாராம்.

"அத்தா அதுல பேசிப் பதிஞ்சு வச்சுட்டுப் போனாக சார். நல்லாப் படிக்கணும், உம்மாவ ஏசக் கூடாது, இப்புடி. நாங்க தெனம் போட்டுக் கேப்போம். மூடி வைக்கணும்னு யாருக்கும் தோணல. ஒரே வாடைக்காத்துதான். உள்ளெல்லாம் துருப்புடிச்சு நாடாவ மென்னு துப்பிருச்சு. அத்தா வந்து ரிப்பேர் பாப்பாகன்னு இருந்தோம். அவுக வரல, மவுத்துச் சேதிதான் வந்துச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "மூடி வச்சிருந்தா கெட்டிருக்காதுல்ல சார்?"

ஆமாம் டீச்சர் என்றேன்.  தட்டில் அவர் வைத்த இரண்டாவது கறித்துண்டு இருந்தது.

லேபில் அவர் வைத்த சட்டம் கடுமையானது. செருப்பு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். கை கழுவித் துடைத்துக் காட்டிய பிறகுதான் உள்ளே போகலாம். திரையை விரலால் தொட்டால் அன்றைக்கு அந்தப் பிள்ளை நின்றுகொண்டே பார்க்க வேண்டியதுதான். இவ்வளவு கெடுபிடியிலும் பிள்ளைகள் லேப் பிரியடுக்கு ஓடினார்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் செல்போன் என்றால் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும், அல்லது அண்ணன் கையில் இருக்கும். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு விரல் வைக்கக் கிடைத்தது இந்தப் பத்துக் கம்ப்யூட்டர்கள்தான். டீச்சருக்கும் அது தெரியும்.

அமலி என்று எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அப்பா வள்ளத்தில் போகிறவர், அம்மா கருவாடு விற்கிறவர். பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மா வந்திருந்தபோது அமலி லேபுக்குள் கூட்டிப்போய் அம்மாவின் பெயரைத் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினாள். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

"இது நானா ஆத்தா?"

"நீதாம்மா."

அந்த அம்மா கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு, திரையில் அந்த எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் ஒரு நாற்காலியை ஒதுக்கி அந்த அம்மாவுக்கு வழிவிட்டார். அன்று சாயங்காலம் ஒன்பது திரைகளைத் துடைத்தார், அந்த ஒன்றை மட்டும் துடைக்காமல் விட்டார்.

முதல் வருடம் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில்தான் நாங்கள் ஏமாந்தோம். அட்டைப்பெட்டியில் வந்த மெல்லிய உறைகளையே டீச்சர் தினமும் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அவை நைந்து கிழிந்தன. இரண்டாம் வருடம் ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பியது. அந்தக் காற்று அடித்தால் சைக்கிள் செயின் ஒரு வாரத்தில் சிவந்துவிடும், மூக்குக் கண்ணாடியில் உப்புப் படியும். ஒருநாள் காலை மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை.

புகார் சொல்ல ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். டீச்சர் கண்ணாடிப் பைக்குள் இருந்த போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். இருபது நிமிடம் பாட்டுப் பாடியது. பிறகு ஒரு பெண் பேசி, ஒரு டிக்கெட் நம்பர் கொடுத்து, வைத்துவிட்டார். மறந்துவிடக் கூடாதே என்று டீச்சர் அதைக் கரும்பலகை ஓரத்தில் எழுதினார். ஆள் வரவில்லை. மறுபடி போன் செய்தார், புது நம்பர் கொடுத்தார்கள். கரும்பலகை ஓரத்தில் நம்பர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே வந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதையும் பாடம் என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு அவரும் மாமியாரும் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆட்டோவில் ஒரு பொதியோடு வந்தார். பிரித்தால், பைகள். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் புலிப்படம் போட்ட கம்பளி இருக்கிறதே, அது வரும் பை. கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக், ஓரத்தில் துணிப்பட்டை, மூன்று பக்கமும் ஜிப். அந்த ஊர்ப் பெண்கள் அந்தப் பையைத் தூக்கிப் போடவே மாட்டார்கள். நகை, பத்திரம், கல்யாணப் புடவை, பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். பத்துக் கம்ப்யூட்டருக்கும் திரைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று இருபது பைகள் கொடுத்திருந்தார்கள்.

"இது மெத்தைக்காரவீட்டு அக்கா குடுத்தது. இது அந்தப் பச்சை வீட்டுப் பெத்தா, வயசான மனுசி, அவுக ஹஜ்ஜுக்குப் போனப்ப வாங்கியாந்த கம்பளி. பிள்ளைக படிக்கிற சாமானுக்குன்னதும் உள்ள இருந்த துணியெல்லாம் தூக்கித் தரையில கொட்டிட்டு உருவிக் குடுத்தாக சார்." டீச்சர் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் ஒரு பெரிய சடங்கு ஆகிப்போனது. நாலு மணிக்குக் கடைசி வகுப்பு முடியும். நாலே கால் பஸ்ஸை விட்டால் எனக்கு அடுத்தது ஆறு மணிக்கு. அந்தக் கால் மணி நேரத்துக்குள் கம்ப்யூட்டர்களை அணைத்து, உப்பு போவதற்கு ஈரத்துணியால் துடைத்து, பைக்குள் நுழைத்து, ஜிப்பை இழுத்து மூட வேண்டும். நானும் போய்க் கை கொடுப்பேன். நான் பையை விரித்துப் பிடிப்பேன், அவர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைப்பார்.

"சுடுதே டீச்சர்" என்றேன் முதல் நாள்.

"சுட்டா என்ன சார், நாமளும் போத்திக்கிட்டுத்தான படுக்குறோம்" என்றார்.

மறுநாள் காலையில் ஜிப்பைத் திறந்தால் பைக்குள் பொடிப் பொடியாக நீர்த்துளிகள் இருந்தன. "பாத்தீங்களா சார், இம்புட்டு மூடியும் கடக்காத்து உள்ள வந்துருக்கு" என்று டீச்சர் ஒவ்வொன்றாகத் துடைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கம்ப்யூட்டருக்கு வேர்த்திருச்சு டீச்சர்" என்றேன். ஆசிரியர் அறையில் போய் அதையே இன்னொரு தடவை சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தினமும் காலையில் எச்.எம். என்னைப் பார்த்து, "என்னய்யா, இன்னைக்கு எத்தனை பேருக்கு வேர்த்துச்சு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் மிளகாய் விவசாயம். பழுத்த மிளகாயைக் களத்தில் காயப்போட்டு, பொழுது சாய்ந்ததும் குவித்து மூடுவோம். சிறுவயதில் நான் அவசரப்பட்டுச் சூட்டோடு தார்ப்பாயை இழுத்தால் அய்யா தூரத்திலிருந்தே கத்துவார், "ஏலே, ஆறட்டும்டா, வேர்த்துப் போயிரும்!" வேர்த்த வத்தல் கறுத்துவிடும், வாங்க ஆள் வராது. வேர்ப்பது என்ற சொல்லையே நான் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறேன். அப்படியும் என் மண்டையில் ஏறவில்லை.

மார்கழிக்குள் ஒன்பதாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் போய்விட்டன. டீச்சர் லேப் கதவில் சாக்பீஸால் "ஓடுவது 7" என்று எழுதினார். தையில் ஒரு கடிதம் வந்தது. பங்குனியில் எல்லாப் பள்ளியிலும் கம்ப்யூட்டரிலேயே ஒரு தேர்வு நடக்கும். அன்றைக்குக் குறைந்தது ஐந்து கம்ப்யூட்டர் ஓடாத பள்ளியிலிருந்து லேபை எடுத்து, பராமரிக்கத் தோதான வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். எச்.எம். கடிதத்தை வாசித்து முடித்ததும் டீச்சர், "ஏழு ஓடுதுல்ல சார்" என்றார்.  அன்று மத்தியானம் மறுபடியும் தெருவில் ஏறி இறங்கி இன்னும் பைகள் கேட்டுவிட்டு வந்தார். துளி அதிகமாகிறது என்றால் மூடியது போதவில்லை என்று அர்த்தம், அதனால் பைக்கு மேல் பை என்பது அவர் கணக்கு.

மாசி மாதம் எட்டாம் வகுப்பில் நீராவி குளிர்ந்து நீராவதை நடத்தினேன். அந்த ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. அமலி அவள் அப்பாவின் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். எவர்சில்வர் டம்ளரில் ஐஸைப் போட்டு மேசையில் வைத்தேன். டம்ளரின் வெளிப்புறம் துளி பூத்தது. உள்ளே இருந்த தண்ணீர் வெளியே ஒழுகவில்லை, காற்றில் இருக்கும் ஈரம்தான் குளிர்ந்த இடத்தில் தண்ணீராகப் படிகிறது என்று விளக்கினேன். பதினைந்து வருடமாக அச்சுப் பிசகாமல் நான் சொல்லிவரும் வாக்கியம் அது.

அமலி எழுந்தாள். "சார், அப்ப லேப்ல பைக்குள்ள துளியா நிக்குதே, அதுவும் இதானா? காத்து உள்ள வர்றதில்லையா சார்? உள்ள இருக்குற ஈரந்தானா?"

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. ஈரத்துணி, சூடான பெட்டி, ஜிப், ராத்திரிக் குளிர், அய்யாவின் கத்தல், எல்லாமே. சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் எதற்கோ ஒரு பையைத் திறந்தார், ஜிப் சர்ரென்று இழுபடும் சத்தம் கேட்டது. நான் பேசினால் அவருக்குக் கேட்கும். நாற்பது பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் அதை வேர்வை என்று சொல்லிச் சிரித்தவன் நான்.

"அது வேற. உக்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலமே டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் லேபுக்குப் போனேன். அவர் புதிதாக வந்த பைகளுக்குத் துணிப்பட்டையில் யார் யார் வீட்டுப் பை என்று பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது மாறிவிடக் கூடாதாம். "சார், புடிங்க" என்று ஒரு பையை நீட்டினார். நான் விரித்துப் பிடித்தேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அவருக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் எச்.எம். கூடவே நின்றார். இப்படியே பதினோரு நாள். இது என்ன பெரிய விஷயமா, "ஆறட்டும் டீச்சர்" என்று இரண்டு வார்த்தை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் வரும். இவ்வளவு நாளும் அவற்றைக் கொன்றது உங்கள் கைதான் என்பது வரும். அத்தாவின் குரலைக் காப்பாற்ற முடியாமல் போனவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது இரக்கம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. என் கௌரவத்தைத்தான் நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினோரு நாளில் மூன்று கம்ப்யூட்டர்கள் போயின. கதவில் டீச்சர் ஏழை அழித்து ஆறு எழுதினார், ஆறை அழித்து ஐந்து, ஐந்தை அழித்து நாலு.

பன்னிரண்டாவது நாள், எந்த டிக்கெட் நம்பர் பலித்ததோ, மதுரையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள். செத்துப்போன ஒரு பெட்டியைத் திருப்புளியால் திறந்தார். உள்ளே பலகை முழுக்கப் பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது.

"மேடம், இத எதுல வச்சிருந்தீங்க?"

டீச்சர் பைகளைக் காட்டினார். கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினார். இன்ஜினியர் ஒரு பையை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். விரல் நனைந்திருந்தது.

"சும்மா தெறந்து போட்டிருந்தாக்கூட இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும் மேடம். சூட்டோட மூடுனா உள்ளயே தண்ணி எறங்கும்ல. போர்டு மாத்தணும். எழுதிட்டுப் போறேன், வர்றதுக்கு மூணு மாசமாவது ஆகும்."

டீச்சர் அந்தப் பையை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாந்தான் கெடுத்தனா சார்?" என்று கேட்டார்.

"உப்புக்காத்து டீச்சர். யாரு என்ன செய்ய முடியும்" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அவர் எதையும் மூடவில்லை. நாலு கம்ப்யூட்டரும் திறந்தே கிடந்தன. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தவர் இரண்டு தடவை திரும்பிப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அந்த நாலும் அதற்குப் பிறகு ஒருநாள்கூடப் படுக்கவில்லை. தேர்வு நாளன்று காலை எட்டு மணியிலிருந்தே நாலும் ஓடிக்கொண்டிருந்தன. எச்.எம். போனில் யார் யாரிடமோ கெஞ்சிப் பார்த்தார். நாலுதானே சார், ஐந்து இல்லையே என்றார்கள். பிள்ளைகளை வேனில் ஏற்றி வேறு ஊர்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய்த் தேர்வு எழுத வைத்தோம். டீச்சர் வேனில் ஏறவில்லை. ஓடிக்கொண்டிருந்த நாலு திரைக்கு முன்னால் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

சித்திரையில் லாரி வந்தது. பள்ளி விடுமுறை என்றாலும் நாங்கள் சிலர் போயிருந்தோம். அமலியும் இன்னும் நாலைந்து பெண் பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள். செத்தது, பிழைத்தது எல்லாவற்றையும் மேசை நாற்காலியோடு ஏற்றினார்கள். பாதி ஏற்றும்போது கோடைத் தூறல் பிடித்துக்கொண்டது. டீச்சர் லேபுக்குள் ஓடிப்போய் அந்தக் கம்பளிப் பைகளை அள்ளிக்கொண்டு வந்தார். லாரி வரைக்கும் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மூடவா, வேணாமா?" என்று என்னைக் கேட்டார். "சொல்லுங்க சார். எனக்கு ஒண்ணும் வெளங்கல."

இதற்கு விடை இருக்கிறது. மழைக்கு மூடலாம், போய்ச் சேர்ந்ததும் திறந்துவிட வேண்டும். ஆனால் நான் அவர் அணைத்திருந்த பைகளில் ஒன்றை உருவி, பழக்கத்தில் விரித்துப் பிடித்தேன். அதற்குள் லாரிக்காரரே தார்ப்பாயை இழுத்துப் போட்டுக் கயிறு கட்டினார். வண்டி கிளம்பியது. டீச்சர் நாலு எட்டு பின்னாலேயே ஓடினார். "அண்ணே, அங்கன போனதும் தொறந்து விட்ருங்கண்ணே! மூடி வைக்காதீங்க! காத்தாட விடச் சொல்லுங்க!" லாரிக்காரர் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினார், கேட்டதோ என்னவோ.

டீச்சர் திரும்பி வந்து வராந்தாவில் உட்கார்ந்து பைகளை உலர்த்தி, துணிப்பட்டையில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து வீட்டு வாரியாக அடுக்கினார். கடைசியாக ஒருமுறை சொல்லிவிடலாம், மன்னிப்பாவது கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன்.

"டீச்சர், எனக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்தேன்.

"அமலி சொல்லுச்சு சார்" என்றார் அவர், அடுக்குவதை நிறுத்தாமல். "நீங்க பாடம் நடத்துன அன்னைக்கே வந்து சொல்லுச்சு. பைய எடுத்துருங்க மிஸ், உள்ளதான் தண்ணி எறங்குதுன்னுச்சு. சார்ட்ட கேட்டியாடின்னேன். கேட்டேன் மிஸ், அது வேறன்னு சொல்லிட்டாருன்னுச்சு. சயின்ஸ் சாரே சொல்லிட்டா சரியாத்தான் இருக்கும்னு, அன்னைக்குச் சாயங்காலந்தான் சார் இன்னொரு பையும் சேத்துப் போட்டேன்."

குரலில் கோபம் துளியும் இல்லை.  பைகளை இரண்டு கட்டாகக் கட்டி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக எடுத்துக்கொண்டு, "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தூறலில் தெருவுக்குள் நடந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கூப்பிட்டு, பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். நாலே கால் பஸ் வந்து போகும்வரை நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.